கூடையும் கணக்கும்: நம் நூல்களுக்கு ஓர் இணைய அங்காடி

(மகாவீரர் பிறந்தநாள் விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பைக் கேட்டு முன்வரிசையில் சிலர் புன்னகைத்ததைக் கண்டேன். நாலடியாரும் நீலகேசியும் நடத்திய ஆசிரியர் மென்பொருள் வாங்குவது பற்றிப் பேசுவதா என்று நினைத்திருப்பீர்கள். காரணம் எளியது. நம் அறக்கட்டளை அச்சிட்ட நூல்கள் அலமாரியில் அடுக்கியபடி இருக்கின்றன. விழா நாள்களில் ஜினாலய வாயிலில் மேசை போட்டு விற்கிறோம். அந்த மேசைக்கு வர இயலாதவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் பாரிசிலும் இருக்கும் நம் பிள்ளைகள். அவர்களுக்காக ஓர் இணைய அங்காடி தொடங்குவது என்று முடிவாயிற்று. எந்த மென்பொருளைக் கொண்டு, எவ்வளவு செலவில் தொடங்குவது என்பதை ஆராயும் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். செலவிடப் போவது உங்கள் நன்கொடை. ஆகவே ஆராய்ந்ததை உங்கள் முன்னிலையில் வைப்பதே முறை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தார் இதனை ஷாப்பிங் கார்ட் என்கிறார்கள். பேரங்காடியில் தள்ளிச் செல்லும் வண்டி அது. நம் பெரிய மார்க்கெட்டாகிய குபேர் அங்காடிக்குள் அப்படி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு நுழைந்து பாருங்கள், மீன்சந்தை வரை கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். நமக்குக் கூடைதான் பொருத்தம். ‘கூடை மென்பொருள்’ என்றே அழைக்கிறேன். வாங்குபவர் தேர்ந்த பொருள்களை நினைவில் வைப்பது, விலையைக் கூட்டுவது, எடைக்கேற்ப அஞ்சல் செலவைச் சேர்ப்பது, பணத்தைப் பெற்று விற்பனைப் பட்டியல் எழுதுவது, இருப்பில் ஒன்றைக் கழிப்பது ஆகிய இவ்வளவும் அதன் பணி. ஒரு நல்ல கடைக் கணக்கப்பிள்ளையின் வேலை என்று கொள்ளுங்கள்.

இந்த வேலை நமக்குப் புதியதும் அன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவரும் முன்னரே அன்பர்களிடம் கையொப்பம் பெற்று அச்சுச் செலவுக்குப் பொருள் திரட்டினார். கும்பகோணத்துச் சமண அன்பர்கள் அவருக்குப் பொருள் விளக்கம் தந்து துணைநின்றதை நம் இல்லங்களில் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். இன்றைய கூடை மென்பொருள்களில் ‘முன்பதிவு’ என்று ஒரு வசதி இருக்கிறதே, அது அந்தக் கையொப்பப் பட்டியல்தான். வி.பி.பி. முறையையும் மூத்தோர் அறிவர். அஞ்சல்காரர் நூற்கட்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பணம் பெற்றுச் செல்வார். இன்று ‘பொருளைப் பெற்றபின் பணம்’ என்று இளையோர் சொல்வது அதுவே.

பிரான்சு நாட்டில் இன்னும் ஒரு வியப்பு நடந்தது. அங்கே உறவினர் உள்ள குடும்பங்கள் மினிடெல் என்ற பெயரைக் கேட்டிருக்கக்கூடும். 1982 முதல் தொலைபேசி வைத்திருந்தவர்களுக்கு ஒரு சிறு திரைப்பெட்டியை அரசுத் துறையே கட்டணமின்றித் தந்தது. அதன் வழியே மக்கள் ரயில் சீட்டு வாங்கினர். துணிமணிகளுக்கு ஆணை அனுப்பினர். இணையம் உலகில் பரவும் முன்பே இவ்வளவும் நடந்தது. 2012 ஜூன் 30 அன்று அச்சேவை நிறுத்தப்பட்டது. அதனை நம்பி நடந்த கடைகள் எல்லாம் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் இத்தகையது உண்டு. 2000இல் தொடங்கிய பாஸி என்ற இணையச் சந்தையை 2004இல் இபே நிறுவனம் வாங்கியது. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் அக்கடை மூடப்பட்டது. அதில் விற்றவர்கள் பல ஆண்டுகள் ஈட்டிய நற்பெயரும் வாடிக்கையாளர் பாராட்டுரைகளும் அத்தளத்தோடு போயின.

இதை ஏன் சொல்கிறேன் எனில், கூடை மென்பொருளில் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்று வாடகைக் கடை. மற்றொன்று சொந்தக் கடை. கனடாவின் ஷாப்பிஃபை முதல் வகை. 2004இல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு சிலர் இணையக் கடை தொடங்கி, கிடைத்த மென்பொருள் எதுவும் பிடிக்காமல் தாமே எழுதியது. 2006இல் அதையே பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கினர். சென்னையில் வேர் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ காமர்ஸும் வாடகை வகையே. மாதம் அல்லது ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டினால், கடையும் பூட்டும் காவலும் அவர்கள் பொறுப்பு. இரண்டாம் வகையில், மென்பொருளை இறக்கிக்கொண்டு நாமே ஓர் இணைய இடத்தை அமர்த்தி நிறுவ வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தோடு இணைந்து இயங்கும் வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட், பாரிசு நகரில் 2007இல் தோன்றிய பிரெஸ்டாஷாப் ஆகியன இவ்வகையின. இவற்றுக்கு விலை இல்லை.

விலை இல்லை என்றதும் ஒரு விளக்கம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறித்து மக்களைக் குழப்புகிறது. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ‘கட்டற்ற மென்பொருள்’ என்று நாம் தெளிவாகச் சொல்லிவிட்டோம். இயக்கவும், திறந்து பார்க்கவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் உரிமை தருவது அது. எழுதியவர் தாமே மனமுவந்து அளித்த பொருள். நம்மைப் போன்ற விரதம் உடையவர்க்கு இந்த வேறுபாடு சிறியதன்று. எவ்வாறு என்பதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. நான் எடுத்துக்காட்டாகக் கொண்ட எண்களே இவை. எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அன்று. மாதம் 40 நூல்கள், ஒன்று 150 ரூபாய் என விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 6,000 ரூபாய், ஆண்டுக்கு 72,000. வாடகைக் கடைக்கு மாதம் 2,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000. விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போயிற்று. பணத்தைப் பெற்றுத்தரும் இடைச்சேவை 2 சதவீதம் எடுத்தால் 1,440 ரூபாய். அக்கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 259 ரூபாய் 20 காசு. இதற்கு மேல், தம்முடைய சொந்தப் பணச்சேவையைப் பயன்படுத்தாதவரிடம் விற்பனைக்கு 2 சதவீதம் வரை தனிக் கட்டணம் பெறும் வாடகைத் தளங்களும் உள. ஷாப்பிஃபையின் சொந்தப் பணச்சேவை இந்தியாவில் இல்லாமையால் இங்குள்ள விற்பனையாளர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். அதற்கும் 1,440 சேர்த்தால் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 27,140 ரூபாய் ஆகிறது.

சொந்தக் கடையில் மென்பொருளுக்குச் செலவில்லை. தளப்பெயருக்கு 1,000, இணைய இடத்துக்கு 4,000, பணச்சேவைக்கு முன்சொன்ன 1,699, மாதந்தோறும் புதுப்பித்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ஆண்டுக்கு 6,000 என்றால் 12,700 ரூபாய் அளவில் நிற்கிறது. கடைசியாகச் சொன்ன 6,000 ரூபாயைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டற்ற மென்பொருள் விலையின்றிக் கிடைக்கும். அதைத் துடைத்து, பூட்டி, பாதுகாப்புத் திருத்தங்களை நாள்தவறாமல் ஏற்றும் கைகளுக்கு ஊதியம் உண்டு. அந்தக் கை இல்லாதவர்க்கு வாடகைக் கடையே நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நமக்கு அந்தக் கை இருக்கிறது. புதுவையில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்குப் பஞ்சமில்லை. நம் பிள்ளைகளிலும் இருவர் முன்வந்துள்ளனர்.

இணைய இடத்தின் விலையில் ஒரு சூழ்ச்சி உண்டு. முதலாண்டு விலையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். இரண்டாம் ஆண்டின் புதுப்பிப்பு விலை சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டாவதைப் பார்த்தே ஒப்பிட வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழுக்கு, அதாவது முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுக் குறிக்கு, தனிப் பணம் கேட்பவரும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற பொதுநல அமைப்பு 2015 முதல் அதனைக் கட்டணமின்றி அளித்து வருகிறது.

தளப்பெயர் யார் பெயரில் பதிவாகிறது என்பதில் கண்டிப்பு வேண்டும். ஒரு சிறு பதிப்பாளருக்கு நேர்ந்ததை நான் அறிவேன். தளம் அமைத்துக் கொடுத்தவர் தளப்பெயரைத் தம் மின்னஞ்சலிலேயே பதிவு செய்துவிட்டார். இரண்டாண்டு கழித்து இருவர்க்கும் மனத்தாங்கல் வந்தபோது கடையின் பலகையையே அவர் எடுத்துச் சென்றது போல ஆயிற்று. பதிப்பாளர் புதிய பெயரில் மீண்டும் தொடங்கினார். பழைய பெயர் அச்சிட்ட நூலட்டைகள் மட்டும் எஞ்சின. ஆகவே நம் தளப்பெயர் அறக்கட்டளையின் பெயரில், அறக்கட்டளையின் மின்னஞ்சலில், செயலாளரும் பொருளாளரும் இருவருமே திறக்கக்கூடியதாய்ப் பதிவாக வேண்டும் என்று குழு எழுதி வைத்துள்ளது. நூற்பட்டியலையும் ஆணைகளையும் ஒரு கோப்பாக வெளியே எடுத்துச் செல்ல இயலாத எந்த மென்பொருளையும் பரிசீலிக்கவே வேண்டாம் என்பதும் எழுதப்பட்டுள்ளது.

இனி முன்பு நிறுத்திய பொருளுக்கு வருகிறேன். உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களின் அதிசாரங்களைக் கூறுகிறார். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழிவந்த நம் அருங்கலச்செப்பும் அவற்றையே விளக்குகின்றன. கள்ளாமை விரதத்துக்குக் குற்றமாவன ஐந்து: களவுக்குத் துணைபோதல், களவுப் பொருளைக் கொள்ளல், அரசின் நெறியைக் கடத்தல், அளவையில் குறைத்தும் மிகுத்தும் ஏமாற்றல், போலியைக் கலந்து விற்றல். இணைய அங்காடி என்று ஒன்று வரும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் குழுக் கூட்டத்தில் நாங்கள் வாதிட்ட ஒவ்வொன்றும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் போய் நின்றது.

கூடை மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் அலங்காரங்களும் துணைநிரல்களும் விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றின் உரிமப் பூட்டை உடைத்து, ‘நல்டு’ என்று பெயரிட்டு, இலவசமாகச் சுற்றுக்கு விடுவோர் உளர். “ஐயா, ஐயாயிரம் ரூபாய்ப் பொருள், சும்மா கிடைக்கிறது” என்று ஓர் இளைஞர் நல்லெண்ணத்தோடு சொன்னார். கட்டற்ற உரிமம் பெற்ற நிரலைப் பகிர்வது சட்டப்படி குற்றமாகாத இடங்களும் உண்டு என்று அவர் வாதிட்டதும் சரியே. ஆனால் யார் உடைத்தார், உள்ளே எதை வைத்தார் என்று அறியாத பொருள் அது. வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் திருடும் மறைநிரல்கள் இத்தகைய பிரதிகளில் வருவது பலமுறை கண்டறியப்பட்ட உண்மை. அத்துடன், விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் என்று அறிந்தே அதைத் தவிர்க்க வேறு வாயில் தேடுவது எந்த அதிசாரத்தில் அடங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியவரே விலையின்றி அளித்த அலங்காரங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. அவை சற்று எளிமையாக இருக்கும். இருக்கட்டுமே.

அரசின் நெறி என்ற இடத்தில் புதுவைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நூல்கள் மட்டும் விற்கும் வரையில் கவலை இல்லை. அச்சிட்ட நூல்களுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, விலக்குப் பெற்ற பொருள்களை மட்டுமே விற்பவர் பதிவு பெற வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் நாம் வெளியிடும் நாள்காட்டி வரிக்கு உரியது. ஊதுவத்தியும், தாய்மார்கள் இடிக்கும் பருப்புப் பொடியும் அவ்வாறே. வரிக்குரிய பொருளை மாநில எல்லை கடந்து விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் பதிவு வேண்டும் என்பது பொதுவிதி. கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கே தளர்வு. நமக்கு எல்லை எங்கே இருக்கிறது? கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் திண்டிவனத்துக்கு ஒரு நாள்காட்டி அனுப்பினால் அது மாநிலம் கடந்த வணிகம். அரபிக் கடலோரத்து மாஹேக்கும் கோதாவரிக் கரையிலுள்ள ஏனாமுக்கும் அனுப்பினால் உள்ளூர் வணிகம்! செஞ்சி, திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்து நம் உறவுகள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் வெளிமாநிலத்தார்.

மென்பொருளில் இதற்கு ஏற்பாடு செய்யலாம். பொருள்வாரியாக ‘இன்ன மாநிலத்துக்கு மட்டும்’ என்று வரையறுக்க வேண்டும். இளைஞர்கள் முதலில் அஞ்சல் எண்ணைக் கொண்டு இதைச் செய்தனர். 605 என்று தொடங்கினால் புதுவை என்று வைத்தனர். ஆனால் விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. மாறாக நம் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்கால் 609602, மாஹே 673310, ஏனாம் 533464. ஆகவே எண்ணை நம்பாமல், முகவரியில் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலை நம்பி அமைத்தாயிற்று. வாங்குபவர் தவறான மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் அனுப்பும் முன் முகவரியைப் பார்த்துத் திருத்த வேண்டும். அது மனிதர் வேலை. தொடக்கத்தில் நூல்கள் மட்டும். நாள்காட்டி இவ்வாண்டும் மேசையிலேயே விற்கட்டும் என்பது என் கருத்து. தணிக்கையாளரும் அதையே சொன்னார்.

நன்கொடை பற்றியும் ஒரு சொல். பல கூடை மென்பொருள்களில், பணம் கட்டும் பக்கத்தில் ‘அறத்துக்கு 50 ரூபாய்’ என்று ஒரு கட்டத்தை முன்பே குறியிட்டு வைக்கும் வசதி இருக்கிறது. வாங்குபவர் கவனிக்காமல் விட்டால் அத்தொகை சேர்ந்துவிடும். நல்ல காரியத்துக்குத்தானே என்று ஒருவர் கேட்டார். மனமறிந்து கொடாததைக் கொள்வது நம் நூல்களில் அதத்தாதானம் எனப்படும். நாட்டின் சட்டமும் இவ்விடத்தில் நம் ஆசாரியர்களோடு உடன்படுகிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் முன்பே இட்ட குறியை ஒப்புதலாக ஏற்பதில்லை. 2023 நவம்பரில் வெளியான வழிகாட்டு நெறிகள், வாங்குபவர் கேளாத பொருளையோ நன்கொடையையோ கூடைக்குள் நுழைப்பதை ஏமாற்று முறைகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கின்றன.

நமக்கு இதில் வேறோர் இடரும் உண்டு. புதுவையில் எத்தனையோ வீடுகளில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உறவினர் இருக்கின்றனர். அவர்கள் விலை கொடுத்து நூல் வாங்குவது வணிகம். அவர்களே நன்கொடை அளித்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகும். பிறப்பால் இந்தியராய் இருப்பது அதை மாற்றாது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவும் தனி வங்கிக் கணக்கும் வேண்டும். கூடைப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் அறக்கட்டளையையே சிக்கலில் மாட்டிவிடக்கூடும். நம் அங்காடியில் நன்கொடைப் பொத்தானே இராது. நன்கொடை அளிக்க விரும்புவோர் வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்து ரசீது பெறலாம்.

பணம் பெறும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜனவரி முதல் யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கு வணிகரிடம் வங்கிகள் தள்ளுபடிக் கட்டணம் பெறுவதில்லை. அறக்கட்டளைக் கணக்கின் க்யூஆர் குறியைத் தளத்தில் போட்டால் செலவில்லை. ஆனால் யார் அனுப்பிய பணம் எந்த ஆணைக்கு உரியது என்று கையால் ஒப்பிட வேண்டும்; போலியான படத்தை அனுப்பிப் பணம் கட்டியதாகச் சொல்வோரும் உண்டு. வங்கிக் கணக்கில் வரவு பார்த்த பின்னரே நூலைக் கட்ட வேண்டும். மாதம் நாற்பது ஆணை வரை இது கைக்கு அடங்கும். அதற்கு மேல் போனால் இடைச்சேவை. அட்டை எண்களை நாம் சேமிக்கவே கூடாது. 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்துள்ளது.

தமிழாசிரியர் என்ற முறையில் என் நெஞ்சுக்கு நெருங்கிய பகுதிக்கு வருகிறேன். அங்காடியின் மொழி தமிழாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ‘கூடையில் இடுக’, ‘ஆணையை உறுதிசெய்க’ என்ற பொத்தான்கள் எளிதாக அமைந்தன. இடர்ப்பாடு தேடுதலில் வந்தது. சோதனைக்காகப் பன்னிரண்டு நூல்களை ஏற்றியபின், ‘ஜீவக சிந்தாமணி’ என்று தேடினேன். “எதுவும் கிடைக்கவில்லை” என்றது. பட்டியலில் ‘சீவகசிந்தாமணி’ என்று இருந்தது. மென்பொருள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஜகரமும் சகரமும் நமக்கு ஒரே பெயர், அதற்கு இரண்டு. ‘சீவக சிந்தாமணி’ என்று இடைவெளி விட்டாலும் அதற்கு வேறு நூல். ஸ்ரீபுராணத்தைச் சிரீபுராணம் என்றும், வர்த்தமானரை வருத்தமானர் என்றும், அருங்கலச்செப்பை ஒரு சொல்லாகவும் இரு சொல்லாகவும் எழுதும் மரபு நம்முடையது. வடமொழியும் தமிழும் ஒருங்கே பயின்ற சமூகத்துக்கு இவ்வகையில் இரட்டை வடிவங்கள் மிகுதி. எந்த மென்பொருளும் இதைத் தானாகத் தீர்க்காது. ஒவ்வொரு நூலுக்கும் மறுவடிவங்களைக் குறிச்சொற்களாகச் சேர்க்க இடம் தருகிறதா என்று பார்த்தோம். வூகாமர்ஸில் அதற்கு வழி இருந்தது. குறிச்சொற்களையும் சேர்த்துத் தேடுமாறு ஒரு விலையில்லாத் துணைநிரலை இணைத்தபின் ஜீவகனும் சீவகனும் ஒருவரானார்கள்.

மற்றொரு விந்தை. பழைய அச்சகக் கோப்புகளிலிருந்து எடுத்த தலைப்புகள் சில, கண்ணுக்குச் சரியாய் இருந்தும் தேடலில் அகப்படவில்லை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் அச்சகங்கள் தத்தம் எழுத்துருக் குறியீட்டில் தட்டச்சு செய்தன. அவற்றை மாற்றும்போது ‘கொ’ என்னும் எழுத்து சில இடங்களில் ஒகரக் குறி ஒன்றாகவும், சில இடங்களில் ஒற்றைக் கொம்பும் காலும் எனத் தனித்தனியாகவும் பதிவாகிவிட்டது. பார்க்க ஒன்று, கணினிக்கு இரண்டு. அத்தகைய தலைப்புகளை மீண்டும் தட்டச்சு செய்ததே தீர்வு. விற்பனைப் பட்டியலைக் கோப்பாக அச்சிட்டபோதும் இதுவே கதை. ஒரு துணைநிரலில் தமிழ் முழுவதும் வெற்றுக் கட்டங்களாக வந்தது. இன்னொன்றில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமும் பிரிந்து நின்றன. மென்பொருள் வாங்க எண்ணும் எவர்க்கும் என் பரிந்துரை: விற்பவர் காட்டும் அழகிய முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல், ‘கொற்றவன் கௌதமன்’ என்று ஒரு பெயரில் ஆணையிட்டு, அந்தப் பட்டியலை அச்சிட்டுப் பாருங்கள்.

வீட்டிலிருந்து பொடி வகைகளும் கைத்தறித் துணிகளும் விற்க எண்ணும் சகோதரியர் பலர் என்னைக் கேட்டார்கள். பத்துப் பதினைந்து பொருள்களுக்குக் கூடை மென்பொருள் வேண்டாம் அம்மா. வாட்ஸ்அப் பிசினஸில் பொருட்பட்டியல் வைக்க இடம் உண்டு, கட்டணம் இல்லை. உணவுப் பொருளாயின் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவெண்ணைப் பெறுங்கள். பொட்டலத்தில் அதையும் நிகர எடையையும் தயாரித்த நாளையும் எழுதுங்கள். எடை பொட்டலத்தின் எடையோடு சேர்த்ததாக இருத்தல் ஆகாது. அளவையில் குறைத்தல் நான்காம் அதிசாரம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மாத ஆணை ஐம்பதைத் தொட்டால் அப்போது என்னிடம் வாருங்கள், கூடையைப் பற்றிப் பேசுவோம்.

குழுவின் பரிந்துரை இதுதான்: வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும், அறக்கட்டளைப் பெயரில் தளப்பெயர், முதலாண்டில் நூல்கள் மட்டும், யு.பி.ஐ. வழியாக மட்டும் பணம். ஓராண்டு விற்பனையைப் பார்த்துவிட்டுப் பொதுக்குழு மேற்கொண்டு முடிவு செய்யலாம். செலவுக் கணக்கு வாயிலருகே ஒட்டப்பட்டுள்ளது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் நூல்களின் பெயர்களையும் தீர்த்தங்கரர், ஆசாரியர் பெயர்களையும் உங்கள் இல்லங்களில் எவ்வாறெல்லாம் எழுதுகிறீர்களோ, அவ்வடிவங்களைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நூற்றுக்கும் குறைவாகவே சேர்ந்திருக்கின்றன. பழைய பூசைப் புத்தகங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் பாட்டியர் கையெழுத்துக் குறிப்புகளிலும் இருப்பனவற்றை ஒரு தாளில் எழுதி, அலுவலகத்திலுள்ள பெட்டியில் இடுங்கள். பிழை என்று நீங்கள் கருதும் வடிவங்களையும் விடாது எழுதுங்கள். அவ்வாறு தேடப் போகும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.